குரல் உதவியாளர் சொன்னதைக் கேட்கவில்லையா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி

குரலால் இயங்கும் ஒரு ஸ்பீக்கர், ஒரு ஸ்மார்ட் பல்பு என்று இருக்கும்வரை பெரிதாக எதுவும் கெடாது. ஹாலில் ஒன்று, பெட்ரூமில் ஒன்று, டிவிக்குள் ஒன்று, கையில் இருக்கும் போனில் ஒன்று என்று ஆகி, பல்பு ஒரு கம்பெனி, பிளக் வேறு கம்பெனி என்று சேர்ந்த பிறகுதான் தொல்லை ஆரம்பிக்கும். அப்போது பலரும் முதல் வேலையாக ரீசெட் பொத்தானைத் தேடுகிறார்கள். தயவுசெய்து அதைக் கடைசிக்கு வையுங்கள். ரீசெட் செய்தால் அந்தக் கருவிக்கு நீங்கள் வைத்த பெயர், அறை, குழு எல்லாம் போய்விடும், ஆனால் கோளாறு ரூட்டரிலோ கணக்கிலோ இருந்தால் அது அப்படியே இருக்கும்.

நீங்கள் ஒரு கட்டளை சொல்லி விளக்கு எரிவதற்குள் நடப்பது இதுதான்: 'அலெக்ஸா', 'ஹே கூகுள்' போன்ற அழைப்புச் சொல்லை ஸ்பீக்கர் தனக்குள்ளேயே கண்டுகொள்கிறது, அதற்குப் பிறகு சொன்னது பெரும்பாலும் இணையம் வழியாக உதவியாளரின் சர்வருக்குப் போய் எழுத்தாக மாறுகிறது, அந்த எழுத்தில் உள்ள பெயர் உங்கள் கருவிப் பட்டியலில் தேடப்படுகிறது, கிடைத்தால் கட்டளை பல்பு கம்பெனியின் சர்வருக்குப் போகிறது, அங்கிருந்து உங்கள் ரூட்டருக்கு வந்து பல்பைச் சேர்கிறது. ஜிக்பீ (வைஃபைக்குப் பதிலாகக் கருவிகள் பேசிக்கொள்ளும் கம்பியில்லா முறை), மேட்டர் (எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான இணைப்புத் தரம்) வகைக் கருவிகளில் கடைசிப் பகுதி வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடலாம். இதில் எந்த இடத்தில் அறுந்தது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அதைத் தெரிந்துகொள்ள இரண்டு சோதனை போதும். முதலாவது, குரல் வரலாறு. அலெக்ஸா ஆப்பிலும் கூகுள் கணக்கின் செயல்பாட்டுப் பக்கத்திலும் நீங்கள் சொன்னது எப்படி எழுத்தாகியிருக்கிறது என்று பார்க்கலாம் (பதிவைச் சேமிக்க வேண்டாம் என்று அணைத்து வைத்திருந்தால் இருக்காது). பதிவே இல்லையென்றால் ஸ்பீக்கர் கேட்கவில்லை, அல்லது இணையம் போகவில்லை. பதிவு இருந்து வார்த்தை தப்பாக இருந்தால் பெயர்ப் பிரச்சினை. வார்த்தை சரியாக இருந்தும் வேலை நடக்கவில்லையென்றால் இரண்டாவது சோதனைக்கு வாருங்கள். பல்பு கம்பெனியின் சொந்த ஆப்பைத் திறந்து, போனில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பல்பை இயக்கிப் பாருங்கள். எரிந்தால் பல்பும் ரூட்டரும் நலம், கோளாறு உதவியாளருக்கும் அந்தக் கம்பெனிக்கும் இடையே உள்ள இணைப்பில். வைஃபையில் எரிந்து மொபைல் டேட்டாவில் எரியாவிட்டால் பல்பால் வெளி சர்வரை எட்ட முடியவில்லை. இரண்டிலும் எரியாவிட்டால் பல்பையும் ரூட்டரையும் பாருங்கள், ஸ்பீக்கரைத் தொட வேண்டியதே இல்லை.

இனி அறிகுறி வாரியாக.

கூப்பிட்டால் எழுந்திருப்பதே இல்லை

மைக் அணைக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அலெக்ஸா இருக்கும் அமேசானின் எக்கோ ஸ்பீக்கரில் சிவப்பு விளக்கு நிலையாக எரிந்தால் மைக் அணைந்திருக்கிறது என்று அர்த்தம். கூகுள் நெஸ்ட் மினியில் அதற்கு ஆரஞ்சு நிறம். குழந்தைகள் தட்டிவிடுவது, துடைக்கும்போது கை படுவது எல்லாம் சகஜம். எக்கோவில் ஆரஞ்சு சுற்றிக்கொண்டே இருந்தால் அது வேறு கதை, வைஃபையில் சேர முயன்றுகொண்டிருக்கிறது.

விளக்கு எரிகிறது, கேட்பதுபோல் இருக்கிறது, ஆனால் 'இப்போது புரியவில்லை, பிறகு முயலுங்கள்' என்கிற மாதிரி பதில் வருகிறதா? அழைப்புச் சொல்லைக் கண்டுகொண்டது, இணையம்தான் இல்லை. போனில் இணையம் வருகிறதே என்று நம்பிவிடாதீர்கள், போன் மொபைல் டேட்டாவில் ஓடிக்கொண்டிருக்கும்.

தூரத்திலிருந்து மட்டும் கேட்கவில்லையென்றால் இடத்தை மாற்றுங்கள். சுவரிலிருந்து குறைந்தது 20 செ.மீ. தள்ளி, டிவி ஸ்பீக்கருக்கும் ஓடும் ஃபேனுக்கும் ஏசிக்கும் பக்கத்தில் இல்லாமல் இருக்க வேண்டும். அலமாரிக்குள் வைத்தால் சத்தமும் சரியாக வராது, காதும் கேட்காது.

இங்கே கூப்பிட்டால் அங்கிருந்து பதில் வருகிறது

ஒன்றுக்கு மேற்பட்ட ஸ்பீக்கர் வாங்கிய எல்லா வீட்டிலும் வரும் புகார் இது. ஒரே குரலை இரண்டு ஸ்பீக்கர் கேட்டால், எதற்குத் தெளிவாகக் கேட்டதோ அது மட்டும் பதில் சொல்வதுதான் ஏற்பாடு. அமேசான் 2016-லேயே இதை எக்கோவில் கொண்டுவந்தது, கூகுளிலும் இருக்கிறது, ஆப்பிள் கருவிகள் புளூடூத் மூலம் தங்களுக்குள் பேசி முடிவு செய்கின்றன. இதில் கவனிக்க வேண்டியது, எந்த ஸ்பீக்கர் அருகில் இருக்கிறது என்று அளப்பதில்லை, எதற்குத் தெளிவாகக் கேட்டது என்றுதான் பார்க்கிறது. நீங்கள் ஹாலில் நின்றபடி பெட்ரூம் வாசலைப் பார்த்துப் பேசினால் பெட்ரூம் ஸ்பீக்கருக்கே நன்றாகக் கேட்கும். அதனால் திறந்த கதவுக்கு நேராக இருக்கும் ஸ்பீக்கரைக் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்த்திப் பாருங்கள், பல நேரம் அதுவே போதும்.

இரண்டுமே ஒரே நேரத்தில் பதில் சொன்னால் கணக்கைச் சந்தேகப்படுங்கள். கணவர் கணக்கில் ஒன்று, மனைவி கணக்கில் ஒன்று பதிவாகியிருந்தால் அவை ஒன்றையொன்று அறியாது, இரண்டும் பேசும். எல்லா ஸ்பீக்கரையும் ஒரே வீடாக, ஒரே கணக்கில் கொண்டுவாருங்கள். மற்றவர்களைக் குடும்ப உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளலாம்.

அலெக்ஸாவில் இன்னொரு நல்ல வழி உண்டு: அடுத்தடுத்த அறைகளில் ஒன்றை 'அலெக்ஸா' என்றும் மற்றொன்றை 'எக்கோ' அல்லது 'கம்ப்யூட்டர்' என்றும் கூப்பிடும்படி மாற்றிவிடலாம். கூகுளில் அழைப்புச் சொல்லை அப்படி மாற்ற முடியாது, ஆனால் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனியாக உணர்திறனைக் கூட்டவும் குறைக்கவும் கூகுள் ஹோம் ஆப்பில் வசதி இருக்கிறது. டிவி பேச்சுக்கெல்லாம் தானாக எழுந்திருக்கும் ஸ்பீக்கருக்கும் இதுவே மருந்து.

டைமர் வைத்தேன், அடிக்கவே இல்லை என்பவர்களும் இங்கேதான் வர வேண்டும். டைமர் எந்த ஸ்பீக்கர் பதில் சொன்னதோ அதில்தான் ஓடும். பக்கத்து அறையில் அடித்து ஓய்ந்திருக்கும்.

'அந்தப் பெயரில் எதுவும் இல்லை' என்கிறது, அல்லது வேறு எதையோ இயக்குகிறது

என் பார்வையில், பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் உண்மையான கோளாறு இதுதான். கருவியில் ஒரு குறையும் இருக்காது, பெயரில் இருக்கும். ஒரு வீட்டுப் பட்டியலைத் திறந்தால் இப்படி இருக்கும்: பெட்ரூம் என்று ஒரு அறை, பெட்ரூம் என்று ஒரு ஸ்பீக்கர், பெட்ரூம் லைட் என்று ஒரு பல்பு, பெட்ரூம் லைட்ஸ் என்று ஒரு குழு, பெட் லைட் என்று தலைமாட்டு விளக்கு. இதில் 'பெட்ரூம் லைட்டை அணை' என்றால் எதை அணைக்கும்? சில நாள் பல்பு, சில நாள் குழு, சில நாள் 'எந்தக் கருவி?' என்ற கேள்வி. குரல் வரலாற்றைப் பார்த்தால் 'பெட் லைட்' என்று சொன்னது 'ரெட் லைட்' என்று பதிவாகியிருப்பதும் தெரியும். அப்படியானால் உதவியாளரின் மேல் தப்பில்லை, கேட்டவரையில் அது தேடியது சரிதான்.

பெயர் வைக்கும்போது அறையின் பெயரைக் கருவிக்கோ ஸ்பீக்கருக்கோ அப்படியே வைக்காதீர்கள். ஒலியில் நெருக்கமான இரண்டு பெயர் வேண்டாம். ஒருமை பன்மை வித்தியாசத்தை மட்டும் நம்பி எதையும் பிரிக்காதீர்கள், லைட்டுக்கும் லைட்ஸுக்கும் உள்ள கடைசி ஒலி மைக்கில் பெரும்பாலும் கரைந்துவிடும். எண்களும் அப்படித்தான், 'லைட் ஒன்று, லைட் இரண்டு' என்று வைத்தால் ஒரு வாரத்தில் வீட்டில் யாருக்கும் எது எது என்று நினைவிருக்காது. ஜன்னல், மேசை, சோபா, வாசல் என்று இருக்கும் இடத்தை வைத்துப் பெயரிட்டால் வீட்டுக்கு வந்த விருந்தாளிகூடச் சொல்லிவிடுவார். ஸ்பீக்கர் ஆங்கிலத்தில் அமைக்கப்பட்டிருந்தால் தமிழ்ப் பெயரை ஆங்கிலச் சொல்லாகப் பொருத்திப் பார்க்கும், ஆகையால் தமிழில் பெயர் வைக்க ஆசை இருந்தால் முதலில் அந்தப் பெயரை நாலைந்து தடவை சொல்லி வரலாற்றில் அது எப்படி விழுகிறது என்று பார்த்துவிட்டு வையுங்கள்.

ஒரே பல்பு பட்டியலில் இரண்டு தடவை இருக்கிறதா? கம்பெனி ஆப் வழியாக ஒரு தடவையும் மேட்டர் வழியாக நேராக ஒரு தடவையும் சேர்ந்திருக்கும். வேலை செய்கிற ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நீக்குங்கள். நீக்கியது மறுநாள் திரும்பி வந்தால் அந்தக் கம்பெனியின் இணைப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது, அங்கிருந்து துண்டிக்க வேண்டும். கம்பெனி ஆப்பில் பெயரை மாற்றியும் கூகுளுக்குத் தெரியவில்லையென்றால் 'ஹே கூகுள், சிங்க் மை டிவைசஸ்' என்று சொல்லுங்கள், பட்டியலைப் புதுப்பித்துக்கொள்ளும்.

'லைட்டை அணை' என்றால் வீடு முழுக்க இருட்டாகிறது

ஸ்பீக்கருக்கு அது எந்த அறையில் இருக்கிறது என்று தெரியவில்லை. அலெக்ஸா ஆப்பில் அந்த அறைக்கான குழுவைத் திறந்து, பல்புகளோடு ஸ்பீக்கரையும் சேர்க்க வேண்டும். பல்புகளை மட்டும் போட்டுவிட்டு ஸ்பீக்கரை விட்டுவிடுவதுதான் வழக்கமாக நடப்பது. கூகுளிலும் ஸ்பீக்கருக்கு அறை ஒதுக்குங்கள். அப்புறம் அறைப் பெயர் சொல்லாமலே 'டர்ன் ஆஃப் தி லைட்ஸ்' என்றால் அந்த அறை மட்டும் அணையும்.

இதற்கு நேர் எதிர், ஒரு விளக்கு மட்டும் அணையாமல் நிற்கிறது என்றால், அது ஸ்மார்ட் பிளக்கில் செருகிய சாதாரண விளக்காக இருக்கும். உதவியாளரைப் பொறுத்தவரை அது பிளக், விளக்கு இல்லை. செட்டிங்கில் அதன் வகையை லைட் என்று மாற்றிவிடுங்கள். மறந்தும் ஹீட்டர், மோட்டார் செருகிய பிளக்கை லைட் வகையில் விட்டுவைக்காதீர்கள், 'லைட்ஸைப் போடு' என்றதும் அதுவும் ஓடும்.

'கருவி பதிலளிக்கவில்லை'

இதற்குக் காரணம் ஒன்று இல்லை, பல. எளியதிலிருந்து போவோம்.

சுவர் சுவிட்சை யாரோ அணைத்திருக்கிறார்கள். ஸ்மார்ட் பல்புக்கு எப்போதும் மின்சாரம் வேண்டும், சுவிட்ச் போனால் அது வைஃபையிலிருந்தே காணாமல் போகும். வீட்டில் ஆள் கூடக்கூட இது கூடும், பழக்கத்தில் கை தானாகச் சுவிட்சுக்குத்தான் போகும். திட்டிப் பயனில்லை. பல்புக்குப் பதிலாக ஸ்மார்ட் சுவிட்ச் போடுவதுதான் நிரந்தரத் தீர்வு, கையாலும் இயங்கும், குரலாலும் இயங்கும்.

பல்பு எரிகிறது, ஆனால் ஆப்பில் ஆஃப்லைன் என்கிறது என்றால் வைஃபை. பல கம்பெனி ஆப்களில் கருவியின் தகவல் பக்கத்தில் சிக்னல் அளவு இருக்கும், கழித்தல் குறியோடு. மைனஸ் 50 என்றால் அருமை, மைனஸ் 70-ஐத் தாண்டினால் வந்துவந்து போகும், மைனஸ் 80 என்றால் நம்ப முடியாது. பகலில் சரியாக இருந்து இரவில் மட்டும் தகராறு செய்தால் பக்கத்து வீட்டு வைஃபைகளோடு நெரிசல் இருக்கலாம், ரூட்டர் அமைப்பில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் சேனலை 1, 6, 11 இவற்றில் ஒன்றாக வைத்துப் பாருங்கள், ஒன்றின் மேல் ஒன்று விழாத சேனல்கள் இவைதான்.

மின்சாரம் போய் வந்த பிறகு ஒன்றிரண்டு கருவி மட்டும் திரும்பவில்லையா? பல்பு உடனே எழுந்துவிடும், ரூட்டர் எழ ஓரிரு நிமிடம் ஆகும், அதற்குள் சில கருவிகள் தேடித் தேடி ஓய்ந்துவிடும். ரூட்டர் முழுதாக வந்த பிறகு அந்தக் கருவியை மட்டும் அணைத்துப் போடுங்கள். இது அடிக்கடி நடந்தால் ரூட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ் வைப்பது வீண்செலவு இல்லை. நள்ளிரவில் மின்சாரம் வந்ததும் எல்லா விளக்கும் முழு வெளிச்சத்தில் எரிந்து தூக்கத்தைக் கெடுத்தால், மின்சாரம் திரும்பும்போது என்ன நிலையில் இருக்க வேண்டும் என்ற அமைப்பு நிறைய பல்புகளில் இருக்கிறது, 'முன்பிருந்த நிலை' என்று மாற்றுங்கள்.

ஒரே கம்பெனியின் கருவிகள் எல்லாம் ஒரே நேரத்தில் பதிலளிக்காமல் போய், கம்பெனி ஆப்பில் மட்டும் ஒழுங்காக வேலை செய்தால், கணக்கு இணைப்பு அறுந்துவிட்டது. அந்தக் கம்பெனிக் கணக்கின் பாஸ்வேர்டை அண்மையில் மாற்றியிருப்பீர்கள். அலெக்ஸாவில் அந்தக் கம்பெனியின் ஸ்கில்லை (அலெக்ஸாவோடு அதை இணைக்கும் வசதி) நிறுத்தி மறுபடி இயக்குங்கள், கூகுளில் கணக்கை மீண்டும் இணையுங்கள். பல்பைக் கழற்ற ஏணியைத் தேட வேண்டாம்.

ஜிக்பீ கருவி என்றால் வேறொரு விதத்தில் யோசிக்க வேண்டும். ஜிக்பீயில் எப்போதும் மின்சாரத்தில் இருக்கும் பல்புகளும் பிளக்குகளும் மற்றவற்றின் செய்தியை வாங்கிக் கடத்துகின்றன. நடையில் உள்ள ஒரு பல்பின் சுவிட்சை அணைத்தால், அதற்கு அப்பால் வாசலில் இருக்கும் பேட்டரி சென்சார் காணாமல் போகலாம். சென்சாருக்குப் பேட்டரி மாற்றிக்கொண்டே இருப்பார்கள், கோளாறு நடை விளக்கில் இருக்கும். ஜிக்பீயும் 2.4 கிகாஹெர்ட்ஸிலேயே ஓடுகிறது என்பதால் ஹப்பை (ஜிக்பீ கருவிகளை இணைக்கும் பெட்டி) ரூட்டரின் மேல் ஒட்டி வைக்காமல் தள்ளி வையுங்கள்.

'சரி' என்கிறது, ஆனால் ஒன்றும் நடக்கவில்லை

ஏசி, டிவி, ரிமோட் ஃபேன் இவற்றை அகச்சிவப்புக் கதிர் அனுப்பும் பெட்டி வழியாக இயக்குபவர்களுக்கு இது வரும். அந்தக் கதிர் ஒருவழி. பெட்டி அனுப்பிவிட்டது, ஏசி வாங்கியதா இல்லையா என்று அதற்குத் தெரியாது, இருந்தாலும் 'சரி' என்று வந்துவிடும். பெட்டிக்கும் ஏசிக்கும் நடுவே திரையோ அலமாரியோ வராமல் பாருங்கள். ஒரே பொத்தானில் ஆனும் ஆஃபும் ஆகிற ரிமோட் என்றால் இன்னும் சிக்கல், யாராவது கையால் அணைத்திருந்தால் நீங்கள் அணைக்கச் சொன்னது அதை ஓடவைக்கும். அப்படிப்பட்டவற்றைத் தானியங்கி வேலைகளில் சேர்க்காமல் இருப்பது நல்லது.

புதிய கருவி சேர மறுக்கிறது

மலிவான பல்பு, பிளக் பெரும்பாலானவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும்தான் தெரியும். உங்கள் ரூட்டர் இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்திருந்து, போன் 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தால், சில ஆப்கள் தடுமாறும். சேர்க்கும் நேரத்துக்கு மட்டும் 5-ஐ அணைத்துவிட்டு, சேர்ந்த பிறகு போட்டுக்கொள்ளுங்கள். ரூட்டரின் பாதுகாப்பு டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால் பழைய கருவிகள் சேராது, டபிள்யூபிஏ2-வும் கலந்த முறைக்கு மாற்றுங்கள். போனில் புளூடூத், இருப்பிட அனுமதி, ஐபோன் என்றால் உள்ளூர் நெட்வொர்க் அனுமதி மூன்றும் வேண்டும், விபிஎன் இருந்தால் அணைக்க வேண்டும். விருந்தினர் வைஃபையில் கருவிகளைப் போடாதீர்கள், அதில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி தடுத்திருப்பார்கள்.

2022 அக்டோபரில் வெளியான மேட்டர் தரத்தில் ஒரே பல்பை அலெக்ஸா, கூகுள், ஆப்பிள் என எல்லாவற்றிலும் சேர்க்கலாம். ஆனால் பல்பிலோ பெட்டியிலோ உள்ள 11 இலக்கக் குறியீடு முதல் தடவைக்குத்தான், இரண்டாவது உதவியாளரில் சேர்க்கும்போது முதல் ஆப்புக்குள் போய்ப் பகிர்வதற்கான புதிய குறியீடு வாங்க வேண்டும், அது சில நிமிடமே செல்லும். த்ரெட் (ஜிக்பீ போன்ற இன்னொரு கம்பியில்லா முறை) வகைக் கருவியாக இருந்தால், அதை வீட்டு நெட்வொர்க்கோடு இணைக்க ஹோம்பாட் மினி, நான்காம் தலைமுறை எக்கோ, இரண்டாம் தலைமுறை நெஸ்ட் ஹப் போன்ற ஒன்று வீட்டில் இருந்தாக வேண்டும். பல்பில் உள்ள குறியீட்டை அதை மாட்டுவதற்கு முன்பே படம் எடுத்து வைத்துவிடுங்கள், கூரையில் மாட்டிய பிறகு அதைப் படிக்க முடியாது.

பாட்டு ஒரு அறையில் முந்துகிறது, அல்லது நின்றுவிடுகிறது

பல ஸ்பீக்கரில் ஒரே பாட்டு என்றால் ஸ்பீக்கர் குழு அமைக்க வேண்டும், எல்லாம் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். கூகுளில் ஒவ்வொரு ஸ்பீக்கரின் தாமதத்தையும் ஆப்பிலேயே சரிசெய்யலாம். புளூடூத் ஸ்பீக்கரைக் குழுவில் கலக்காமல் இருப்பது உத்தமம், அதன் தாமதம் தனி. ஹாலில் போட்டதும் பெட்ரூமில் நின்றால் கோளாறு ஒன்றும் இல்லை, உங்கள் இசைச் சந்தா ஒரு நேரத்தில் ஒரு இடம்தான் அனுமதிக்கிறது.

எல்லாம் பார்த்தும் தீராவிட்டால்

அப்போது ரீசெட் செய்யலாம், வரிசையோடு. முதலில் ரூட்டரை அணைத்துப் போடுங்கள், முழுதாக வந்த பிறகு ஸ்பீக்கர், கடைசியில் அந்தக் கருவி. அதிலும் தீராவிட்டால் கருவியை உதவியாளரின் பட்டியலிலிருந்து மட்டும் நீக்கிச் சேருங்கள். அதற்கும் மசியாவிட்டால் கம்பெனி ஆப்பிலிருந்து நீக்கி ரீசெட். அதற்கு முன் பெயர், அறை, குழு, அந்தக் கருவி இடம்பெறும் தானியங்கி வேலைகள் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

ரூட்டரையே மாற்றுவதாக இருந்தால் பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் எழுத்துக்கு எழுத்து அப்படியே புதியதில் வையுங்கள். பாதுகாப்பு முறையும் முன்பிருந்ததே இருந்தால் பெரும்பாலான கருவிகள் தாமாகவே வந்து சேர்ந்துவிடும், ஒவ்வொன்றாக ஏணி போட்டு ஏற வேண்டியிருக்காது.